நெதர்லாந்துக் கிராமத்தில் வாடகை வீடு: வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நெதர்லாந்திலிருந்து வந்தவை. நகரத்து வாடகை தாங்காமல் சிறு ஊர்ப் பக்கம் போக நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம். தொகைகள் 2025-ஆம் ஆண்டுக்கானவை. ஒவ்வொரு ஆண்டும் அவை மாறும் என்பதால் கையெழுத்திடும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வெல்ட்ஹோஃபனில் வேலை பார்க்கிறேன். பிளாடல், ஏர்சல், பெர்கைக் பக்கம் அமைதியாக இருக்கிறது. அங்கே வீடு எப்படித் தேடுவது? ஃபுண்டா என்ற வீட்டுத் தேடல் தளத்தில் மாதக்கணக்கில் பார்த்தும் ஒன்றும் வரவில்லை.
— வாசகர், வெல்ட்ஹோஃபன்

வராமல் இருப்பதில் ஆச்சரியமில்லை. நீங்கள் சொன்ன ஊர்கள் உள்ள கெம்பன் பகுதியில் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள்தான் இருக்கிறார்கள். மீதமுள்ள வாடகை வீடுகளில் பெரும்பகுதி, வோனிங்கார்ப்பொராட்ஸி எனப்படும் சமூக வீட்டுவசதி நிறுவனங்களின் கையில் இருக்கிறது. தனியார் வாடகைக்கு விடும் வீடுகள் கொஞ்சம்தான். அவையும் இணையத்தில் ஏறும் முன்பே உள்ளூர் மகெலார், அதாவது வீட்டுத் தரகர், வழியாகக் கைமாறிவிடுவதுண்டு.

முதலில் உங்கள் வருமானத்தைப் பாருங்கள். சமூக வாடகை வீட்டுக்கு ஆண்டு வருமான வரம்பு தனி ஆளுக்கு 49,669 யூரோ, இருவர் அல்லது அதற்கு மேற்பட்ட குடும்பத்துக்கு 54,847 யூரோ. அதற்குள் வந்தால் இன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள். பல இடங்களில் வரிசை, பதிவு செய்த நாளிலிருந்தே ஓடுகிறது. பதிவு செய்யும் இணையதளம் பகுதிக்குப் பகுதி மாறும். லிம்பர்க்குக்கு ஒன்று, ஆக்டர்ஹூக்குக்கு வேறொன்று. உங்கள் ஊருக்கு எது என்பதை நகராட்சியின், அதாவது கெமேன்டெயின், இணையதளமே சொல்லும். சில கெமேன்டெக்கள், அங்கே வசிப்பவர்களுக்கோ அங்கே வேலை பார்ப்பவர்களுக்கோ ஒரு பங்கு வீடுகளை முன்னுரிமையாகத் தருகின்றன. வேலையைக் காட்டி அந்த உரிமை கிடைக்குமா என்பதைக் கேட்டு வையுங்கள்.

வரம்பைத் தாண்டினால் தனியார் வீடுதான் வழி. ஃபுண்டா, பராரியஸ் ஆகிய இரண்டு தளங்களிலும் அறிவிப்பை முடுக்கிவிடுங்கள். அதோடு நின்றுவிடாமல் அந்த ஊர் மகெலார் அலுவலகங்களுக்கு நேரில் போய்ப் பெயரைக் கொடுங்கள். கிராமத்தில் இதுதான் பலன் தரும். கடைசி மூன்று சம்பளச் சீட்டு, வேலை தருபவரின் கடிதம், அடையாள அட்டை, முந்தைய வீட்டுக்காரரிடமிருந்து வாடகை ஒழுங்காகக் கட்டியதற்கான சான்று ஆகியவற்றை ஒரே கோப்பாக வைத்திருங்கள். மாதச் சம்பளம் வாடகையைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. வீட்டுக்காரருக்காக வேலை செய்யும் மகெலார் உங்களிடம் தரகுப் பணம் கேட்கக்கூடாது. 'ஒப்பந்தச் செலவு', 'சாவிக் காசு' என்று எந்தப் பெயரில் வந்தாலும் கட்ட மறுத்துவிடுங்கள். வீட்டைக் காட்டாமலே அட்வான்ஸ் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். வீடு யாருடையது என்பதைச் சில யூரோ செலவில் நிலப் பதிவேடான கடாஸ்டரில் பார்த்துவிடலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் சொன்ன மூன்று கெமேன்டெயிலும் ரயில் நிலையம் கிடையாது. பேருந்து உண்டு, ஆனால் இரவும் ஞாயிறும் அதை நம்பி இருக்க முடியாது. சில தடங்களில் தன்னார்வலர்கள் ஓட்டும் எட்டுப் பேர் ஏறும் ஊர்ப் பேருந்துதான். கார் தேவைப்படும். அப்படியானால் இந்திய ஓட்டுநர் உரிமம், இங்கே குடியேறிய நாளிலிருந்து 185 நாள் வரைதான் செல்லும். வரிச்சலுகையான 30 சதவீத விதியில் இருப்பவர்களும் அவர்களோடு வசிக்கும் குடும்பத்தினரும் தேர்வு இல்லாமலே டச்சு உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். மற்றவர்கள் எழுத்துத் தேர்விலும் வண்டி ஓட்டும் தேர்விலும் தேறித்தான் ஆக வேண்டும். வீட்டைத் தேடுவதோடு இதையும் இப்போதே தொடங்குங்கள்.

விடுமுறைப் பூங்கா ஒன்றில் மர வீடு வாடகைக்கு வந்திருக்கிறது. வாடகை குறைவு, உடனே குடியேறலாம். ஆனால் முகவரி பதிவு செய்யக்கூடாது என்கிறார் உரிமையாளர். எடுக்கலாமா?
— வாசகி, வேலுவ பகுதி

நிரந்தரமாகத் தங்குவதற்கு என்றால் வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். இந்தக் கேள்வி ஆறு கடிதங்களில் வெவ்வேறு வடிவத்தில் வந்திருக்கிறது.

நெதர்லாந்தில் நான்கு மாதத்துக்கு மேல் தங்குபவர், வந்த ஐந்து நாளுக்குள் வசிக்கும் முகவரியை மக்கள் பதிவேட்டில் பதிய வேண்டும். உள்நாட்டில் வீடு மாறினாலும் குடிபோன ஐந்து நாளுக்குள் சொல்ல வேண்டும். தவறினால் 325 யூரோ வரை அபராதம் விதிக்கலாம். பதிவு இல்லையென்றால் குடிமக்கள் சேவை எண் (பிஎஸ்என்), வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, பள்ளி எல்லாமே இழுபறியாகும்.

உரிமையாளர் ஏன் தடுக்கிறார்? அந்த நிலம் கெமேன்டெயின் திட்டத்தில் பொழுதுபோக்கு நிலம் என்று குறிக்கப்பட்டிருக்கும். அதில் நிரந்தரமாகக் குடியிருப்பது விதிமீறல். வேலுவயில் எர்மெலோ, பூட்டன், நுன்ஸ்பேட் போன்ற கெமேன்டெக்களில் இப்படிப்பட்ட பூங்காக்கள் நிறைய. அமலாக்கம் செய்தால், குறிப்பிட்ட தேதிக்குள் காலி செய்யாவிட்டால் இவ்வளவு தொகை என்று எச்சரிக்கைக் கடிதம் வரும். அது உரிமையாளருக்கு மட்டுமல்ல, குடியிருப்பவருக்கும் வரலாம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நீங்கள் அங்கே உண்மையாக வசித்தால், பதிவு செய்யமாட்டேன் என்று கெமேன்டெ மறுக்க முடியாது. நிலம் எந்த வகை என்பதும் மக்கள் பதிவேடும் தனித்தனிச் சட்டங்கள். ஆனால் பதிந்தவுடன் அந்த முகவரி அமலாக்கப் பிரிவின் கண்ணில் படும். பதிவு கிடைத்துவிட்டது, ஆகவே குடியிருக்க அனுமதி கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

இன்னும் சிலர், 'எனக்குத் தனிப்பட்ட அனுமதி இருக்கிறது' என்று கடிதம் காட்டுவார்கள். அந்த விலக்கு ஆள் பெயருக்குக் கொடுக்கப்பட்டது, வாடகைக்கு வருபவருக்கு அது பொருந்தாது. ஒப்பந்தத்தில் 'குறுகிய காலத் தங்கல்' என்று எழுதியிருந்தால் வாடகைதாரர் பாதுகாப்பு இல்லை என்று உரிமையாளர் வாதிடவும் வாய்ப்புண்டு.

கையெழுத்திடும் முன் ஓம்கேவிங்ஸ்லோகெட் என்ற அரசு தளத்தில் அந்த முகவரியைப் போட்டு, வரைபடத்தில் என்ன குறித்திருக்கிறது என்று பாருங்கள். 'வோனென்' என்றால் குடியிருப்பு, 'ரெக்ரியாட்ஸி' என்றால் விடுமுறை. சந்தேகம் இருந்தால் கெமேன்டெயிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். வாயால் சொன்ன பதில் பின்னால் எதற்கும் உதவாது. தற்போதைக்கு இரண்டு மாதம் தங்கிக்கொண்டு வேறு வீடு தேடுவதற்கு என்றால் அது வேறு கணக்கு.

பழைய பண்ணை வீட்டின் ஒரு பாதி, 78 சதுர மீட்டர், மாதம் 1,250 யூரோ என்கிறார்கள். எனர்ஜி லேபிள் (வீட்டின் ஆற்றல் சிக்கனத் தரம்) எஃப். இது நியாயமான வாடகையா?
— வாசகர், விண்டர்ஸ்வைக்

வீட்டின் புள்ளிகளை எண்ணாமல் நியாயமா என்று சொல்ல முடியாது. ஆனால் எஃப் லேபிள் என்றதுமே சந்தேகம் எழுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடுத்தர வாடகைக்கும் புள்ளி வரம்பு வந்துவிட்டது. பரப்பு, சமையலறை, குளியலறை, தோட்டம், எனர்ஜி லேபிள், வரி மதிப்பு எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. 143 புள்ளி வரை அதிகபட்சம் 900.07 யூரோ, 144 முதல் 186 வரை 1,184.82 யூரோ வரைதான் போகலாம். அதற்கு மேல் புள்ளி இருந்தால்தான் வாடகை கட்டுப்பாடில்லாதது. கிராமத்தில் வீட்டின் வரி மதிப்பு நகரத்தைவிடக் குறைவு, அதனால் புள்ளியும் குறையும். ஈ, எஃப், ஜி லேபிள்களுக்கு மேலும் புள்ளி கழியும், பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்கள் நீங்கலாக. 1,250 யூரோ கேட்க 187 புள்ளி வேண்டும். நீங்கள் சொன்ன அளவுக்கு அது எட்டுவது கடினம்.

இந்தத் தொகை வெறும் வீட்டு வாடகை, அதாவது 'காலெ ஹூர்'. சேவைக் கட்டணம், கேஸ், தண்ணீர், கரண்ட் இதில் சேராது. 1,250 என்பது எல்லாம் சேர்த்தா இல்லையா என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். புதிய ஒப்பந்தம் என்றால் 2025 ஜனவரி முதல் புள்ளிக் கணக்கை உரிமையாளரே இணைத்துத் தர வேண்டும். ஹூர்கொமிஸி எனும் வாடகை ஆணையத்தின் தளத்தில் நீங்களும் இலவசமாகக் கணக்கிடலாம். அதிகம் என்று தெரிந்தால் அவர்களிடம் போக 25 யூரோ கட்டணம், வென்றால் அது திரும்பி வரும். ஒப்பந்தம் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் போய்விடுங்கள்.

'வெறும் வீடு' என்று கொடுத்தார்கள். தரையே இல்லை, சிமெண்ட்தான் இருக்கிறது. இது சகஜமா?
— வாசகி, ஸேலண்ட்

சகஜம்தான். 'கால்' என்றால் தரை விரிப்பு, திரை, விளக்கு எதுவும் இராது. 'கெஸ்டோஃபேர்ட்' என்றால் தரையும் திரையும் இருக்கும், 'கெமெயுபிலேர்ட்' என்றால் நாற்காலி, கட்டில் வரை. இரண்டு மாத வாடகைக்குக் கிட்டத்தட்டச் சமமான செலவைத் தரைக்கும் திரைக்கும் ஒதுக்கி வையுங்கள்.

முந்தைய வாடகைதாரர் தரையை விட்டுவிட்டுப் போகத் தயாராக இருந்தால் 'ஓஃபர்நாமெ' என்று அவரிடமிருந்து வாங்கலாம். வாங்கியது உங்கள் பொருளாகிவிடும், காலி செய்யும்போது அகற்றும் கடமையும் உங்களுக்கே. லாமினேட் புதிதாகப் போடுவதானால் பரப்பளவைவிடச் சுமார் 10 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். பெட்டியை அறையிலேயே இரண்டு நாள் கிடையாக வைத்திருந்து, பிறகு பதியுங்கள். சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடாமல் இறுக்கிப் போட்டால், ஈரக் கோடையில் விரிந்து நடுவில் மேடிட்டுப் போகும். அதைத் திருத்த மொத்தத்தையும் கழற்ற வேண்டியிருக்கும்.

பாய்லர் அடிக்கடி நிற்கிறது. கழிவுநீர்த் தொட்டி நிரம்பிவிட்டது. வேலியும் வெட்டச் சொல்கிறார்கள். யார் செலவு?
— வாசகர், ட்ரென்ட

சிறு பழுதுகள் வாடகைதாரருக்கு என்று சட்டப்படி ஒரு பட்டியல் உண்டு. புல் வெட்டுவது, வேலியைக் கத்தரிப்பது, கைக்கெட்டும் புகைபோக்கியைச் சுத்தம் செய்வது, செப்டிக் தொட்டியைக் காலி செய்வது எல்லாம் அதில் வருகின்றன. தொட்டியே உடைந்தால் உரிமையாளருக்கு. பாய்லர் பழுது உரிமையாளருக்கு, அழுத்தம் குறைந்து நின்றால் தண்ணீர் ஏற்றுவது உங்களுக்கு.

அதைச் செய்யும் முறை இது. பாய்லரை நிறுத்துங்கள். நிரப்பும் குழாயை முதலில் தண்ணீர்க் குழாயில் மாட்டி, உள்ளே இருக்கும் காற்று போகுமளவுக்கு நீரை ஓடவிட்டு, பிறகு பாய்லரோடு இணையுங்கள். இதைச் செய்யாததால்தான் ரேடியேட்டர் குளுகுளுவென்று சத்தம் போட ஆரம்பிக்கிறது. மானியில் முள் 1.5-க்கும் 2-க்கும் நடுவில் நிற்கும்வரை நிரப்பிவிட்டு, ரேடியேட்டர்களில் காற்றை வெளியேற்றி, அழுத்தத்தை மீண்டும் பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறை நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது, உரிமையாளரை அழையுங்கள். எழுத்தில் சொல்லுங்கள். கட்டுப்பாட்டு வாடகை வீடாக இருந்து, ஆறு வாரத்திலும் சரிசெய்யாவிட்டால் ஹூர்கொமிஸியிடம் வாடகையைத் தற்காலிகமாகக் குறைக்கக் கேட்கலாம்.

ஊருக்கு வெளியே உள்ள வீடுகளில் கேஸ் குழாய் இல்லாமல் புரோபேன் டாங்க் இருக்கும். அப்படியானால் முதல் நாளே டாங்க் அளவீட்டைப் படமெடுங்கள், அது யார் வாங்கிய எரிபொருள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் கேஸின் வெப்பத்துக்கு ஏறக்குறைய 1.4 லிட்டர் புரோபேன் வேண்டும். நகரத்துக் கேஸ் கட்டணத்தை வைத்து இங்கே செலவைக் கணக்கிடாதீர்கள்.

குப்பைக்கு ஏன் தனி பில் வருகிறது?
— வாசகர், ஆக்டர்ஹூக்

பல சிறு கெமேன்டெக்களில் கறுப்புத் தொட்டியைக் காலி செய்யும் தடவைக்கோ எடைக்கோ கட்டணம். தொட்டியிலேயே சிப் இருக்கும். காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் பிரித்துப் போட்டால் பில் இறங்கும். குப்பை வரி, நீர் வாரிய வரி இரண்டும் வாடகைதாரருக்கே. குடியிருப்பு வீட்டின் சொத்து வரி உரிமையாளருக்கு, அதை உங்களிடம் தள்ளினால் ஏற்காதீர்கள்.

பிப்ரவரி வந்தாலே ஜன்னல் திறக்க முடியவில்லை, சாணி வாடை!
— வாசகி, ப்ரிஸ்லண்ட்

மாட்டுக் கழிவு உரத்தைப் புல்வெளியில் செலுத்தப் பிப்ரவரி நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை அனுமதி. அது நிற்காது. அண்டைப் பண்ணையாளரிடம் சினேகமாகப் பேசி, எந்த நாளில் அடிக்கிறார் என்று கேட்டால் துணியை முந்தின நாளே காயவைத்துக்கொள்ளலாம்.

வீட்டைக் காலி செய்யப் போகிறேன். அட்வான்ஸ் முழுதாக வருமா?
— வாசகர், லிம்பர்க்

2023 ஜூலைக்குப் பிறகு போட்ட ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் இரண்டு மாத வெறும் வாடகைக்கு மேல் இருக்கக்கூடாது. காலி செய்தபின் பாக்கியோ சேதமோ இல்லாவிட்டால் 14 நாளில் திருப்ப வேண்டும். பிடித்தம் ஏதாவது இருந்தால் 30 நாளுக்குள், என்னென்ன செலவு என்ற கணக்கோடு. மாத வாடகை கட்டுபவர் ஒரு மாத முன்னறிவிப்புத் தந்தால் போதும். அதைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

குடியேறிய அன்று வீட்டின் நிலையை எழுதிக் கையெழுத்திட்ட அறிக்கை இருந்தால், கடைசியில் அதை வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். அப்படி ஒன்றே இல்லை என்றால், இப்போது எப்படி இருக்கிறதோ அப்படித்தான் நீங்கள் வாங்கினீர்கள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்போது சேதம் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆகவே அறிக்கை இருக்கிறதா என்பதை முதலில் கோப்பில் தேடுங்கள். பிறகு முன் பரிசோதனை கேட்டு, சரிசெய்ய வேண்டியதைப் பட்டியலாக வாங்கி, சாவி கொடுக்கும் அன்று மீட்டர் எண்களைப் படமெடுங்கள்.