சுண்ணாம்புச் சுவர் வீட்டின் குளிரைப் போக்க

கேள்வி: ஏற்காட்டில் உள்ள எங்கள் பாட்டனார் காலத்து வீட்டின் சுவர்கள் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டவை. மார்கழியில் அறைகள் சில்லிட்டு, சுவர்களில் ஈரம் பூக்கிறது. உட்புறம் சிமெண்ட் பூசி, ஹீட்டர் வைக்கலாமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: சிமெண்ட் பூச்சு வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் உறிஞ்சிய ஈரத்தைச் சுண்ணாம்புச் சுவர் பின்னர் மெல்ல வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் சுவருக்குள்ளேயே தங்குவதோடு, ஈரச் சுவர் உலர்ந்த சுவரைவிட வேகமாக வெப்பத்தை இழப்பதால் குளிரும் கூடும். ஆகவே உங்கள் முதற்செலவு ஹீட்டருக்கானதன்று. உடைந்த ஓடுகளை மாற்றி, இறவாரத் தண்ணீர் சுவரடியில் தேங்காதபடி வாய்க்கால் அமைத்து, உதிர்ந்த இடங்களில் மீண்டும் சுண்ணாம்பையே பூசுங்கள். வெப்பம் மேலே செல்வதால், ஓட்டுக்கடியில் மரப்பலகைத் தளம் அமைப்பது மிகுந்த பயன் தரும்.

அதன்பின் எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் வைக்கலாம். 2000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். பழைய ஒயரிங் அதைத் தாங்காது என்றே கருதி, தனி இணைப்புக் கொடுங்கள். மூடிய அறையில் கரியடுப்பு மூட்டி உறங்குவதை மட்டும் எவரும் செய்யக்கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணமின்றியே உயிரைப் பறித்துவிடும். கோடைக்கு ஏ.சி. தேவைப்படாது, இரவில் எதிரெதிர் சன்னல்களைத் திறந்து வைத்தாலே போதும்.