நிகழ்தகவுத் துறைக் கணிதவியலாளர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார், ஏன்?

வொல்ஃப்காங் டோப்ளின். இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள்தான் அதிகம் இருப்பீர்கள், இருபத்தைந்து வயதிலேயே இறந்துபோன மனிதர். நான் கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். நிகழ்தகவு தொடங்கும் ஒவ்வொரு வருடமும் ஒரு பாடவேளை முழுக்க அவரைப் பற்றித்தான் கதைப்பேன்.

1915இல் பெர்லினில் பிறந்தார். தகப்பன் அல்ஃபிரட் டோப்ளின், ஜெர்மனியின் பேர்பெற்ற நாவலாசிரியர், யூதர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் குடும்பம் சூரிச்சுக்கும் அங்கிருந்து பாரிசுக்கும் இடம்பெயர்ந்தது. இந்தச் சொல்லை வன்னிப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. பாரிசில் பிரெஷே, போல் லெவி என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர்களின் வழிகாட்டலில் நிகழ்தகவுக்குள் இறங்கி, 1938இல், 23 வயதில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

பல்கலைக்கழகத்தில் மாக்கோவ் சங்கிலி (அடுத்த அடி இப்போது நிற்கும் இடத்தை மட்டுமே பொறுத்திருக்கும் தற்செயல் நடை) படித்தபோதுதான் எனக்கு அவர் பெயர் தெரியவந்தது. ஒருவர் ஒவ்வொரு சந்தியிலும் நாணயம் சுண்டி, அடுத்த சந்திக்குப் போகிறார், சிலவேளை நின்ற இடத்திலேயே நிற்கிறார் என்று வையுங்கள். ஆயிரம் தடவை சுண்டிய பிறகு, எங்கே தொடங்கினார் என்பதால் ஏதும் வித்தியாசம் உண்டா? டோப்ளின் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு பேரை நடக்க விட்டார். ஒருவர் பரந்தனில், மற்றவர் முறிகண்டியில் தொடங்குகிறார்கள், விதி ஒன்றுதான். ஏதாவது ஒரு சந்தியில் இருவரும் சந்தித்துவிட்டால் அதிலிருந்து சேர்ந்தே நடக்கட்டும். அதற்குப் பிறகு யார் எங்கிருந்து வந்தவர் என்று பார்ப்பவரால் சொல்ல முடியாது. ஆக, தொடங்கிய இடத்தின் தாக்கம் எவ்வளவு மிச்சம் என்று கேட்பதற்குப் பதில், இருவரும் இன்னும் சந்திக்காமல் இருப்பதற்கான நிகழ்தகவு எவ்வளவு என்று கேட்டால் போதும். பக்கம் பக்கமாக அட்சரகணிதம் வேண்டிய விசயத்தை இரண்டு வழிப்போக்கர்களை வைத்து முடித்துவிட்டார். இதை முதலில் விளங்கிக்கொண்ட அன்று எனக்கு இரவு நித்திரை வரவில்லை.

1938 கடைசியில் பிரெஞ்சுப் படையில் கட்டாய சேவைக்குப் போனார். அடுத்த வருடம் போர் தொடங்கிவிட்டது. தொலைபேசிப் பிரிவில் சாதாரண சிப்பாய். அந்தக் குளிர்காலத்தில், இரவுக் கடமையில் இருந்தபடி, நூறு பக்கப் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் கொல்மகோரவின் சமன்பாட்டைப் பற்றி எழுதிக்கொண்டே போனார். தற்செயலாக நகரும் ஒன்று பிறகு எங்கே இருக்கும் என்பதன் நிகழ்தகவைச் சொல்லும் சமன்பாடு அது. 1940 பெப்ரவரியில் அதை உறையிலிட்டு முத்திரை வைத்து, பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே அப்படி ஒரு வழக்கம் இருந்தது: உறையை இலக்கமிட்டுப் பூட்டி வைப்பார்கள், எழுதியவரோ குடும்பத்தாரோ சம்மதிக்காமல் நூறு வருடத்துக்கு உடைக்க மாட்டார்கள்.

அந்த யூன் மாதம் படையணி சிதறியது. 21ஆம் தேதி வோஸ்ஜ் மலைப்பக்கம் ஹூசெராஸ் என்ற ஊரில், ஜெர்மன் படை நெருங்கி வந்துகொண்டிருந்த வேளையில், ஒரு பண்ணை வீட்டுக்குள் போய்த் தன்னிடமிருந்த தாள்களை அடுப்பில் போட்டு எரித்தார். பிறகு தன் உயிரையும் முடித்துக்கொண்டார்.

ஏன் இவரைத் தெரிவு செய்தேன் என்றால், எங்கள் வீட்டிலும் கொப்பிகளுக்கு ஒரு கதை உண்டு. 2009 தை மாதம் நாங்கள் தருமபுரத்தில் இருந்தோம், அங்கிருந்தும் கிளம்ப வேண்டி வந்தது. அக்காவின் இணைந்த கணிதக் கொப்பிகள் ஐந்து. அப்பா அவற்றை இரண்டு சொப்பின் பையால் சுற்றி, உரப் பையில் போட்டு, சைக்கிள் ரியூப்பால் இறுக்கிக் கட்டி, தையல் மெசினின் தலையோடு சேர்த்து வேம்படியில் கிடங்கு வெட்டித் தாட்டார். செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி, 2010இல் போய்த் தோண்டினோம். மெசின் துருவேறிப் போயிருந்தது. மூன்று கொப்பியைக் கறையான் தின்றுவிட்டது. மற்ற இரண்டையும் வெயிலில் காயவைத்து, அக்கா சேலைக்குக் குத்தும் ஊசியால் தாள் தாளாகப் பிரித்தார். நீல மை கலைந்து பரவியிருந்தது. பென்சிலால் கீறிய மரவரிப்படங்கள் மட்டும் அப்படியே இருந்தன. அந்த இரண்டு கொப்பியும் பக்கத்திலிருக்கத்தான் அக்கா சோதனைக்குப் படித்தார்.

சரி, உறைக்கு வருகிறேன். குடும்பத்தின் சம்மதத்தோடு 2000 மே 18இல் அதைத் திறந்தார்கள். பெர்னார்ட் புறூ, மார்க் யோர் என்ற கணிதவியலாளர்கள் இருவரும் படித்து விளக்கம் எழுத, அந்த வருட முடிவில் அச்சில் வந்தது. இன்று நிதிக் கணிதம் முதல் பௌதிகம் வரை எல்லாரும் பயன்படுத்தும் இட்டோவின் சூத்திரத்தை, அதாவது தற்செயலாக மாறும் அளவுகளுக்கான நுண்கணித விதியை, ஒத்த ஒன்று அதற்குள் இருந்தது. கியோசி இட்டோவும் போர்க்காலத்தில் யப்பானில் தனியாக இருந்து உழைத்தவர்தான், அவருடைய பெருமை இதனால் கொஞ்சமும் குறையவில்லை. டோப்ளினின் பெற்றோர் 1957இல் இறந்தார்கள், அவர்களையும் ஹூசெராஸில் மகனுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள்.

ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், அவர் எரிச்ச தாள்களில என்ன இருந்திருக்கும்?" அதை இனி யாராலும் சொல்ல முடியாது என்றேன். அவள் முகம் வாடிப்போய்விட்டது. அதனால் எரியாமல் தப்பியதில் ஒன்றைக் கரும்பலகையில் கீறிக் காட்டினேன். இரணைமடு வாய்க்காலில் ஒரு துகள் மிதக்கிறது. தண்ணீர் அதை இழுக்கிறது, அதோடு அது இடத்துக்கு இடம் கூடியும் குறைந்தும் நடுங்குகிறது. இழுப்பைக் கழித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் நடுக்கம் பார்க்க எவ்வளவு சிக்கலாக இருந்தாலும், அது சாதாரண பிரவுணியன் இயக்கம்தான் (எல்லா இடத்திலும் ஒரே அளவில் தற்செயலாக நடுங்கும் இயக்கம்), மணிக்கூடு மட்டும் வேறு. நடுக்கம் கூடிய இடத்தில் அந்த மணிக்கூடு விரைவாக ஓடும், குறைந்த இடத்தில் மெதுவாக ஓடும். 1965இல் வேறு கணிதவியலாளர்கள் இதைப் புதிதாகக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அப்போது டோப்ளினின் கொப்பி பாரிசில் உறைக்குள் இருபத்தைந்து வருடமாகக் கிடந்தது.