ஐந்து முகம் வேண்டாம், ஓர் இஸ்திரிப் பெட்டி போதும்

கேள்வி: கோவையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தெருவோர இஸ்திரிக்காரர் ஒருவரைப் பற்றி 12 நிமிடக் குறும்படம் எடுத்திருக்கிறோம். அடுத்த மாதம் கல்லூரியில் திரையிட்டுவிட்டு யூடியூபில் ஏற்றப்போகிறோம். விளம்பரத்துக்குக் கையில் 3,000 ரூபாய் இருக்கிறது. போஸ்டர் மாதிரியை இணைத்திருக்கிறேன். சரியாக வந்திருக்கிறதா?

பதில்: மாதிரியைப் பார்த்தேன். ஐந்து முகங்கள், பின்னால் புகை, ஓரத்தில் விழா முத்திரை போல இரண்டு இலைக்கொத்து. எந்த விழாவிலும் இன்னும் தேர்வாகவில்லை என்றால் அந்த இலைகளை முதலில் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் முகங்கள். பெரிய நடிகர் படத்துக்கு முகமே விளம்பரம். உங்கள் நடிகர்களை அவர்கள் வீட்டாரையும் வகுப்பையும் தாண்டி யாருக்கும் தெரியாது. முகங்களுக்குப் பதிலாக இதை வையுங்கள்: கங்கு தெரியும் இஸ்திரிப் பெட்டி, அதன் அடியில் தீய்ந்துபோன ஒரு வெள்ளைச் சட்டை. இதைப் பார்ப்பவர் 'யாருடைய சட்டை?' என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்தால் போதும், போஸ்டர் தன் வேலையைச் செய்துவிட்டது.

போஸ்டருக்கான இந்தப் படத்தைக் குறும்படக் காட்சியிலிருந்து உருவ வேண்டாம். 1920×1080 ஃப்ரேமை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட்டால் 6.4 அங்குல அகலம், 3.6 அங்குல உயரம்தான் வரும். போஸ்ட்கார்டைவிடக் கொஞ்சம் பெரிது. அதை ஏ3 தாளுக்கு இழுத்தால் கொழகொழத்துப் போகும். அந்த இஸ்திரி வண்டிக்கே இன்னொரு நாள் காலை வெயிலில் போங்கள். ஸ்டில் கேமராவில், நெடுக்குவாக்கில், தலைப்பு வைக்க மேலே காலியிடம் விட்டு எடுங்கள். படப்பிடிப்பு நாளிலேயே ஸ்டில்லுக்கு என்று ஒருவரை நிறுத்தியிருந்தால் இந்த அலைச்சல் இல்லை. அடுத்த படத்துக்கு ஆகட்டும்.

தலைப்பில் 'கொ' உடைந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. போட்டோஷாப்பின் பாராகிராஃப் மெனுவில் 'வேர்ல்டு ரெடி லேஅவுட்'டைத் தேர்ந்தெடுத்து, யூனிகோட் எழுத்துரு போட்டால் சரியாகும். காடமரன், முக்தா மலர் இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். என்னைக் கேட்டால், கையெழுத்து அழகாக உள்ள நண்பரிடம் பிரஷ்ஷைக் கொடுத்து எழுதவைப்பேன். இந்தக் கதைக்கு அதுதான் பொருந்தும்.

யூடியூப் தம்ப்நெயில் தனி வேலை. போஸ்டரை வெட்டி ஒட்டாமல் 1280×720 அளவில் புதிதாகச் செய்யுங்கள். வலது கீழ் மூலையில் படத்தின் நேரம் வந்து உட்காரும், அங்கே எழுத்து வைக்காதீர்கள். போனைக் கை நீட்டிப் பிடித்தும் தலைப்பைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

அச்சுக்குப் போகுமுன் சிஎம்ஒய்கே-க்கு (அச்சு மையின் நான்கு நிற முறை) மாற்றி, ஓரத்தில் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டுக்காக நீட்டிவிடும் படம்) விட்டு, ஒரே ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். திரையில் தகதகக்கும் கங்கின் ஆரஞ்சு தாளில் மங்கும், அதைத் திருத்திய பிறகே மற்ற பிரதிகள். கல்லூரி போஸ்டரில் நாள், நேரம், அரங்கு மூன்றும் இருக்கட்டும். உங்கள் மாதிரியில் மூன்றுமே இல்லை! அனுமதியில்லாமல் தெருச் சுவரில் ஒட்டாதீர்கள், அதைத் தடுக்க 1959-லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. டீக்கடைக்காரரிடம் கேட்டால் உள்ளே ஒட்ட இடம் கொடுப்பார். இஸ்திரி வண்டியிலும் கேட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அச்சகத்துக்கு அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் தரம் குறைந்துவிடும்.

டீசர் 30 நொடி போதும். சினிமாப் பாட்டு மட்டும் போடாதீர்கள், காப்புரிமைக் கோரல் வந்து நிற்கும். சட்டையில் தண்ணீர் தெளிக்கும் சத்தமும் பெட்டி இறங்கும் சத்தமும் உங்களிடம் ஏற்கெனவே பதிவாகியிருக்குமே.