மறு: குழியில் எம்பிப் பழகி முட்டி வலி

தம்பி, காலில் மணல் பை கட்டி, முட்டியை மடக்காமல் முழங்கால் ஆழக் குழியிலிருந்து எம்புகிறீர்கள். நாலு மாதத்தில் முட்டிச் சில்லுக்குக் கீழே வலி, தொடரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடனே நிறுத்துங்கள்.

சீனர்கள் இதைச் 'சிங் கோங்' என்பார்கள், உடம்பை லேசாக்கும் வித்தை. குழிப் பயிற்சி பொய்யில்லை, சீனாவின் ஷாவ்லின் மடத்துப் பழைய தற்காப்புக் கலை முறைகளிலேயே உண்டு. ஆனால் குழியின் ஆழமும் காலின் எடையும் அங்கே வருடக்கணக்கில் துளித்துளியாகத்தான் கூடும். கூரைக்குத் தாவுவதெல்லாம் நடிகரைக் கம்பியில் கட்டித் தூக்கும் ஹாங்காங் சினிமாக்காரர்களின் வேலை. 1993-இல் கியூபாவின் சோட்டோமேயர் தாண்டிய 2.45 மீட்டர்தான் உயரம் தாண்டுதலில் உலக சாதனை. அதற்கும் ஓடிவந்து, முதுகை வளைத்துத்தான் தாண்டினார்!

சிங் கோங்கில் எனக்குப் பிடித்தது தொட்டிப் பயிற்சிதான். பெரிய தொட்டியில் தண்ணீரை நிரப்பி அதன் விளிம்பில் சுற்றி நடப்பார்கள். நாள்பட நாள்பட ஒவ்வொரு குவளையாக மொண்டு வெளியே ஊற்றுவார்கள். தொட்டி லேசாக ஆக, பாதத்தைக் கொஞ்சம் அழுத்தி வைத்தாலும் சாய்ந்துவிடும். இதில் உங்கள் எடை ஒரு கிராம்கூடக் குறையாது, கால் வைக்கும் பக்குவம்தான் தேறும்.

வீங்கியிருந்தால் முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். வலி போனபின் பை இல்லாமல், ஒரே ஒரு படியிலிருந்து குதியுங்கள். முன்பாதம் முதலில், முட்டி மடங்கி, சத்தமே வராமல் இறங்க வேண்டும். 'தொப்'பென்று கேட்டால் அடுத்த படிக்கு ஏறாதீர்கள்.