மதிலை ஒட்டி மறைப்புக்கு மூங்கில் வைக்கலாமா? பக்கத்து மனைக்குள் பரவிவிடாதா?

வைக்கலாம், பரவாது. ஆனால் சரியான ஜாதியாகப் பார்த்து வாங்க வேண்டும். நான் வாங்கிய பன்னிரண்டில் மூன்று தப்பான ஜாதி. அந்தக் கதை கீழே வருகிறது.

எங்கள் வீடு காட்பாடியில். ஒரு கிரவுண்டு மனை, பின்பக்க மதில் 40 அடி. பின்னால் ரொம்ப நாளாக சீமைக்கருவேலம் மண்டிய காலி மனைதான். 2018-ல் அங்கே இரண்டு மாடி எழும்பியது. அவர்களுடைய வெளிப்படிக்கட்டு சரியாக எங்கள் துவைக்கிற கல்லுக்கு நேரே வந்து நின்றது. ஏறி இறங்குகிறவர்கள் யாரும் வேண்டுமென்று பார்க்கவில்லைதான். ஆனாலும் அம்மா தலைக்குக் குளித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் வந்து முடி காயவைப்பதை நிறுத்திவிட்டார். மதிலை உயர்த்த என்ன ஆகும் என்று மேஸ்திரியிடம் கேட்டோம். அவர் சொன்ன தொகையைக் கேட்டபிறகுதான் எனக்கு மூங்கில் ஞாபகம் வந்தது.

முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். கல்யாணத்தில் பெரியவர்கள் வாழ்த்துவார்களே, "ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி, மூங்கில்போல் சுற்றம் முசியாமல்" என்று. அதிலேயே உங்களுக்குப் பதில் இருக்கிறது. அருகும் புல், மூங்கிலும் புல். ஆனால் ஓடுகிற வேலையை அருகுக்குக் கொடுத்துவிட்டு, சுற்றி நிற்கிற வேலையை மூங்கிலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நம் பக்கத்து மூங்கில் அப்படித்தான். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு குட்டையாக, தடியாக இருக்கும். கொஞ்சம் நகர்ந்ததும் மேலே வளைந்து அதுவே கழியாகிவிடும். அதன் பக்கத்து மொட்டிலிருந்து அடுத்தது. அதனால் குத்து, அதாவது கழிகள் சேர்ந்து நிற்கும் கூட்டம், வருஷத்துக்கு ஒரு சாண் பெருக்குமே தவிர, மதிலுக்கு அடியில் புகுந்து அடுத்த வீட்டு ஹாலில் முளைக்காது.

ஓடுகிற மூங்கிலும் உலகத்தில் உண்டு. அது பெரும்பாலும் குளிர்ப் பிரதேசத்துச் சரக்கு. மூங்கில் பரவுவதைக் காட்டிப் பயமுறுத்தும் வீடியோக்கள் பெரும்பாலும் அந்த ஊர்களில் எடுத்தவை. ஆன்லைனில் மோசோ என்று ஒரு மூங்கில் விதை விற்கிறார்கள், அது இந்த ஓடுகிற வகை. வேலூர் வெயிலில் அது பேருக்கேற்றபடி மோசம்தான் போகும். விதையே வாங்காதீர்கள், கன்றாக வாங்குங்கள்.

எந்தக் கன்று? நர்சரியில் ஹெட்ஜ் பாம்பூ என்று கேளுங்கள். தாவரப் பெயர் பாம்பூசா மல்டிப்ளெக்ஸ். சீனப் பக்கத்துச் செடி, இங்கே நன்றாக வருகிறது. கழி நம் விரல் கனம்தான், உயரம் 10 முதல் 20 அடி. முக்கியமான விஷயம், அடியிலிருந்தே இலை அடர்ந்து வரும். நம் கல் மூங்கில் ஏணிக்கும் பந்தலுக்கும் நல்லது, மறைப்புக்கு உதவாது. முள் மூங்கிலை வீட்டுக்குப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள்.

இப்போது அந்த மூன்று. ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனதே, 2019, அந்த வருஷம் ஆகஸ்டில் இரண்டு மழை பெய்ததும் கன்றுகளை வாங்கினேன். பையில் இருக்கும்போது எல்லாம் ஒரே மாதிரி பச்சைக் குச்சி. "எல்லாம் ஒரே ஐட்டம் சார்" என்றார் கொடுத்தவர். மூன்றாவது வருஷம், பாலாறு இருகரை தொட்டு ஓடிய 2021 மழையில், ஓரத்திலிருந்த மூன்று தூரிலும் என் மணிக்கட்டை விடத் தடியாக முளை வந்தது. கூம்பு மாதிரி, மேலே கருப்புச் சுணை. ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி முழுக்க உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய்தான். நான் பார்க்கப் பார்க்க அது மாடியைத் தாண்டி கரண்ட் கம்பி மேல் சாய்ந்தது. அது பாம்பூசா வல்காரிஸ், 50 அடிகூடப் போகிற ஆள். தோண்டி எடுக்க இரண்டு பேர், கடப்பாரை, கோடாலி, மூன்று நாள். கிழங்கு மரக்கட்டை மாதிரி ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தது. ஆகவே வாங்கும் இடத்தில் கன்று எடுத்த தாய்க்குத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் வேறு நர்சரி பாருங்கள்.

நடுவது பெரிய வித்தை இல்லை. மதிலிலிருந்து 3 அடி தள்ளி, இரண்டடி ஆழத்துக்கு நீளமாகப் பள்ளம். கன்றுக்குக் கன்று 3 அடி. தொழுவுரமும் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும் மண்ணோடு கலந்து போடுங்கள். அந்த 3 அடியை மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். மூங்கில் ஓடாது, ஆனால் பெருக்கும். கிழங்கு மதில் அஸ்திவாரத்தை முட்டினால் கல் விடும். சம்ப்பும் செப்டிக் டேங்கும் இருக்கிற பக்கம் இன்னும் தள்ளி வையுங்கள்.

தண்ணீர்தான் பெரிய பாடு. முதல் இரண்டு கோடைக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் கன்றுக்கு இரண்டு பக்கெட் ஊற்றினேன். கத்திரி வெயிலில் மூங்கில் ஒரு காரியம் செய்யும், பார்த்தால் பதறிவிடுவீர்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒவ்வொரு இலையும் நீளவாக்கில் சுருண்டு ஊதுவத்தி மாதிரி ஆகிவிடும். செடி செத்துவிட்டது என்று என் மனைவி ஆபீசுக்கே போன் போட்டாள். சாயங்காலம் தண்ணீர் விட்டால் காலையில் விரிந்துவிடும். விடிந்தும் விரியவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். இலை சுருண்டால் மறைப்பும் போய்விடும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மே மாத மதியத்தில், யாருக்குத் தேவையோ அவர்களுக்கு, எங்கள் கொல்லை நன்றாகவே தெரியும்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனி பழுப்பாகக் கருகும், எங்கள் வீட்டில் இப்போதும் கருகுகிறது. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை மூங்கிலுக்கு விட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதில் உப்பு இன்னும் கூடுதல். உதிர்ந்த இலையைப் பெருக்கித் தள்ளாமல் தூரிலேயே மூடாக்காகப் போட்டுவிடுங்கள், ஈரம் நிற்கும்.

வெட்டுவதை மழை முடிந்து தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். முளை வருகிற ஆடி முதல் கார்த்திகை வரை கத்தி வேண்டாம். ஒரு கழி ஒரே பருவத்தில் தன் முழு உயரத்தையும் தொட்டுவிடும், அதற்குமேல் உயராது, பருக்காது. அதனால் பத்தடியில் நுனியைக் கிள்ளிவிட்டால் அந்தக் கழி அத்தோடு சரி, பக்கக் கிளைதான் விடும். மூன்று வருஷம் தாண்டிய கழிகளை அடியோடு எடுத்துவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும், பாம்பு வந்து அடையவும் இடமிருக்காது.

வெட்டும்போது கணுவுக்கு ஒட்டி மேலே வெட்டுங்கள். நான் இஷ்டத்துக்கு நடுவில் வெட்டி வைத்திருந்தேன். அந்த மூன்று தடி மூங்கிலின் அடிக்கட்டைகள் அப்போது மண்ணில்தான் இருந்தன. டெங்கு கொசு பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர் தொட்டி, டயர் எல்லாம் பார்த்துவிட்டுக் கிளம்பினார். போகிற போக்கில் கட்டைக்குள் டார்ச் அடித்து, "இங்க வாங்க சார், இன்னா கீதுன்னு பாருங்க" என்றார். ஒரு டம்ளர் மழைத்தண்ணீர், அதில் நெளிந்துகொண்டு புழுக்கள். மூங்கிலின் உள்ளே குழல் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

வீட்டில் மூங்கில் ஆகாது என்று சொல்கிறவர்களும் வருவார்கள். தெருக்கோடியில் இருக்கும் பெரியவர் கன்று நடும்போதே வந்து நின்று, "இன்னாபா, பாடை கட்றத்துக்கு இப்பவே வளக்கிறியா?" என்றார். நான் பேச்சில்லாமல் நின்றேன். அம்மாதான், "ஏன்ணா, பந்தக்கால் நட்றதுக்கும் இதானே?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் இரண்டு தரம் வந்து கொடிக்குக் குச்சி வாங்கிப் போயிருக்கிறார். வெட்ட அனுமதி வேண்டுமோ என்று கேட்கிறார்கள். 2017-ல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி மூங்கிலை 'மரம்' என்ற வரையறையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆனால் தமிழ்நாட்டுக்குத் தனி வனச் சட்டம் உண்டு, சந்தேகமிருந்தால் வனத்துறையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்வீட்டுக்காரரோடு ஒரு தடவை மனஸ்தாபம் வந்தது. எங்கள் இலைகள் அவர் மொட்டைமாடிக்குப் பறந்து மழைத்தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டன. ஏணி போட்டு நானே ஏறி எடுத்துக் கொடுத்தேன். அதிலிருந்து ஒவ்வொரு தையிலும் அவர் பக்கம் சாய்கிறதை முதலில் வெட்டுகிறேன்.

மூன்று வருஷம் பொறுக்க வேண்டும். முதல் வருஷம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், நடுவில் பிடுங்கிப் பார்க்காதீர்கள். அதுவரைக்கும் மதில்மேல் இரும்பு ஆங்கிள் அடித்துப் பச்சை ஷேட் நெட் கட்டிக்கொள்ளுங்கள். எங்கள் நெட்டை 2022-ல் கழற்றினோம். இப்போது அது மாடியில் அம்மாவின் வடாகத்துக்குக் காக்காய் மறைப்பு.