மாமியாரின் கிண்ணமும் 127 டிகிரியும்

கேள்வி: டாஃபி செய்ய ஒரு அமெரிக்கக் குறிப்பைப் பார்த்து, அதற்கென்றே தெர்மாமீட்டர் வாங்கி, பாகை 127 டிகிரியில்தான் இறக்கினேன். மூன்று தடவையும் இழுபடாமல் கண்ணாடி மாதிரி உடைகிறது. மாமியார், ‘தண்ணியில விட்டுப் பதம் பாரு’ என்கிறார். அந்தக் காலத்துக் கணக்கெல்லாம் இதற்குச் சரிப்படுமா? கடல்நீர் டாஃபி என்கிறார்களே, ஒருவேளை கடல்நீர் இல்லாததுதான் குறையோ? – வாசகி, ஊட்டி

பதில்: உங்கள் ஊரில் மாமியார் கணக்குதான் சரிப்படும். முதல் தடவையே அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இவ்வளவு சர்க்கரை வீணாகியிருக்காது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த 127 கடல் மட்டத்துக்கான எண். ஊட்டி இருப்பதோ ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து 300 மீட்டருக்குச் சுமார் 1 டிகிரி கணக்கில் கொதிநிலை இறங்கும், அதனால்தான் சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் உங்கள் அடுப்பில் 92, 93-லேயே தளதளக்கிறது (குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேக மறுப்பதும் இதனால்தான்). பாகும் அப்படியே. கீழே 127-ல் எவ்வளவு தண்ணீர் வற்றியிருக்குமோ அவ்வளவும் உங்களுக்கு 120-லேயே வற்றிவிடும். அதற்கப்புறமும் ஏழு டிகிரி காய்ச்சினால் உடையாமல் என்ன செய்யும்?

கிண்ணத்துத் தண்ணீருக்கு மலையும் ஒன்று, சமவெளியும் ஒன்று. பாகில் மிச்சமிருக்கிற ஈரத்தை அது நேராகக் காட்டிவிடும். ஒரு சொட்டு விட்டு விரலால் திரட்டுங்கள்: கரைந்து ஓடினால் இன்னும் காய வேண்டும், உருண்டு நின்று அழுத்தினால் லேசாக அமுங்கினால் உடனே இறக்கிவிடலாம், கிண்ணத்தில் ‘டங்’ என்று சத்தம் வந்துவிட்டால் அது கடலை மிட்டாய்ப் பதம், டாஃபிக்கு ஆகாது.

தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அதில் வைத்துப் பாருங்கள், 100-க்கு எத்தனை குறைகிறதோ அத்தனையைக் குறிப்பிலும் கழித்துக்கொள்ளுங்கள். குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் ஆறு கழித்தால் போதும்.

கடல்நீர் வெறும் பெயர். 1880-களில் அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் ஒரு மிட்டாய்க் கடைக்குள் அலை புகுந்து சரக்கு நனைந்ததாக ஒரு கதை உண்டு. சேர்ப்பது சாதாரண உப்பும் நல்ல தண்ணீரும்தான்.

அதை டாஃபியாக்குவது இழுப்பு. வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, கை பொறுக்கிற சூடு வந்ததும் இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து என்று பத்து நிமிடம் விடாமல் செய்தால், கண்ணாடியாக இருந்த பாகு காற்று ஏறி ஏறி வெளுத்து, பட்டு நூல் மாதிரி மினுங்க ஆரம்பிக்கும். மூங்கில் கம்பின் உச்சியில் பொம்மை கைதட்ட, கீழே சுற்றியிருந்த ஜவ்வு மிட்டாயை இழுத்து நம் மணிக்கட்டில் வாட்ச் கட்டிவிட்டாரே ஒரு மிட்டாய்க்காரர், அவர் விரலில் இருந்ததும் இந்த வித்தைதான். அவரிடம் நின்று கற்றுக்கொள்ளாமல் விட்டோமே என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

நறுக்கின கையோடு பட்டர் பேப்பரில் சுற்றிவிடுங்கள், ஊட்டிப் பனிமூட்டத்தில் அரை மணி திறந்திருந்தாலே பிசுபிசுத்துவிடும். இழுக்க இரண்டு பேர் வேண்டும். அடுத்த தடவை கிண்ணத்தை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள்.