பேரனுக்காகக் கரி வாங்கி வைக்கலாமா?

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறோம். வீட்டில் இரண்டரை வயதுப் பேரன் வளர்கிறான். விஷப் பொருள் எதையாவது விழுங்கிவிட்டால் உடனே கொடுக்க ‘ஆக்டிவேட்டட் சார்கோல்’ வாங்கி வைக்கச் சொல்லி, வெளிநாட்டில் இருக்கும் மகள் வற்புறுத்துகிறாள். எனக்கு இருக்கும் வாயுத் தொல்லைக்கும் அது உதவுமாம். மருந்துக் கடையில் மாத்திரைதான் கிடைத்தது. இணையத்தில் கொட்டாங்கச்சிக் கரி என்று போட்டு அரைக் கிலோ தூள் விற்கிறார்கள். எதை வாங்குவது? சென்னையின் ஈரக் காற்றில் எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

பதில்: அம்மா, உங்கள் வாயுத் தொல்லைக்கு ஓர் அட்டை மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பேரனுக்காக எதையும் வாங்க வேண்டாம். மகளின் கவலை எனக்குப் புரிகிறது. என் பேத்தி தவழத் தொடங்கிய நாளில் என் வீட்டிலும் இதே பேச்சு எழுந்தது. மருந்தாளுநராக முப்பது ஆண்டுகள் வேலை பார்த்த பிறகும் அன்று நான் கரி வாங்கவில்லை. காரணத்தை விளக்கமாகவே சொல்கிறேன்.

அடுப்புக் கரியும் இதுவும் ஒன்றல்ல. கொட்டாங்கச்சியைக் காற்றுப் படாமல் சுட்டால் சாதாரணக் கரி கிடைக்கிறது. அதை 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் நீராவியில் வாட்டும்போது, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் அதன் உள்ளெங்கும் திறந்துகொள்கின்றன. அப்படித் தயாரான ஒரு கிராம் தூளின் துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் போட முடிந்தால் ஏறத்தாழ ஆயிரம் சதுர மீட்டர் வரும். நம் ஊர்க் கணக்கில் நான்கரை கிரவுண்டு மனை! வயிற்றில் கிடக்கும் நஞ்சு அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு, ரத்தத்தில் கலக்காமல் மலத்தோடு வெளியேறிவிடுகிறது. பள்ளிப் புத்தகத்தில் பரப்புக் கவர்ச்சி என்று படித்தது இதைத்தான். உங்கள் வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்திலும் இதே வகைக் கரிதான் குளோரின் வாடையைப் பிடித்து வைக்கிறது.

ஆனால் எல்லா நஞ்சும் அந்தச் சுவரில் ஒட்டுவதில்லை. நம் வீடுகளில் குழந்தையின் கைக்கு எட்டுகிற பொருள்கள் எவை என்று எண்ணிப் பாருங்கள். தெருவில் வண்டியில் வைத்து விற்பவரிடம் பழைய குளிர்பான பாட்டிலில் வாங்கிய கழிவறை ஆசிட். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய் அல்லது தின்னர். மருமகளுக்குக் கர்ப்ப காலத்தில் கொடுத்து மிஞ்சிப்போன இரும்புச்சத்து மாத்திரை. பொம்மையிலிருந்து கழன்று விழுந்த பட்டன் பேட்டரி. இவற்றில் ஒன்றைக்கூடக் கரி தடுக்காது. அமிலம், காரம், மண்ணெண்ணெய், சாராயம், இரும்பு, லித்தியம் ஆகியவற்றில் கரியால் பயனில்லை. ஆசிட் குடித்த குழந்தைக்குக் கரி கொடுத்தால் கெடுதலும் உண்டு. உணவுக்குழாயில் புண் எங்கே என்று எண்டோஸ்கோப்பி வைத்துப் பார்க்கும் மருத்துவருக்கு எங்கும் கறுப்பாகவே தெரியும்.

பாரசிட்டமால், வலிப்பு மாத்திரை போன்ற பல மருந்துகளைக் கரி நன்றாகவே பிடிக்கும். ஆனால் அளவைப் பாருங்கள். மருத்துவமனையில் பெரியவர்களுக்கு 50 கிராம் வரையும், குழந்தைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் வரையும் கொடுப்பார்கள். பேரன் 12 கிலோ இருந்தால் 12 கிராம். கடையில் கிடைக்கும் 250 மில்லிகிராம் மாத்திரையில் அது 48 மாத்திரை! அதுவும் விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பெரும்பாலும் பலன்.

தூளாகக் கரைத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். மணல் கலந்த மை போன்ற அந்தக் கரைசலை இரண்டரை வயதுப் பிள்ளை குடிக்காது. துப்பும், வாந்தி எடுக்கும். அழும்போது மூச்சோடு சேர்ந்து நுரையீரலுக்குள் போய்விட்டால், விழுங்கிய பொருளைவிடக் கரியே உயிருக்கு ஆபத்தாகிவிடும். பூஜை அறைக் கற்பூரத்தைத் தின்ற குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். அப்படிப்பட்ட வாயில் எதையும் ஊற்றவே கூடாது. மருத்துவமனையிலும் குழந்தையின் நினைவு தெளிவாக இருக்கிறதா, சுவாசப் பாதை பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கரியை எடுக்கிறார்கள்.

மருத்துவர்களுக்கே இதில் கருத்து மாறி வந்திருக்கிறது. மஞ்சள் அரளி விதை தின்றவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கரி கொடுப்பது உயிர் காக்கும் என்று இலங்கையில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அதே இலங்கையில் 4,600-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், அரளி உள்ளிட்ட நஞ்சுகளில் கரி கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மருத்துவமனைப் படுக்கையிலேயே நிலைமை இதுவென்றால், சமையலறையில் அதை நம்பி நேரம் கழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

பேரன் எதையாவது விழுங்கிவிட்டால் வாயில் மிஞ்சியிருப்பதை எடுத்துப் போடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெயோ ஆசிட்டோ உள்ளே போனது போதாதென்று மேலே வரும்போதும் கெடுக்கும். 108-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த ஆட்டோவில் ஏறி அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். பெரம்பூரிலிருந்து எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை தொலைவில் இல்லை. விழுங்கிய பொருளின் பாட்டிலையோ அட்டையையோ மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. இரண்டு எண்களையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.

எலி பேஸ்ட் விஷயத்தில் மட்டும் இன்னும் ஒரு வார்த்தை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்தப் பசையைத் தின்ற குழந்தை முதல் நாள் லேசாக வாந்தி எடுத்துவிட்டு மறுநாள் ஓடி விளையாடலாம். கல்லீரல் கெடுவது அதற்குப் பிறகுதான் வெளியே தெரியும். குழந்தை தெளிவாக இருக்கிறதே என்று ஒருவரும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். அந்தப் பசையை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பது இன்னும் நல்லது.

இனி உங்கள் வாயுத் தொல்லை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு ஒரு கிராமும், சாப்பிட்ட பின் ஒரு கிராமும் எடுத்தால் மிகுதியான வாயு குறையும் என்று விளம்பரப்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்திருக்கிறது. 250 மில்லிகிராமில் வேளைக்கு நான்கு மாத்திரை. பலருக்குப் பலன் தெரிகிறது, சிலருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. மலம் கறுப்பாகப் போகும், மலச்சிக்கலும் வரலாம். செரிமான நொதிகளோடு கரி சேர்த்து விற்கும் மாத்திரைகளும் உண்டு. அவற்றில் கரியின் அளவு குறைவு.

ஆனால் நீங்கள் தினமும் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை. கரி நஞ்சையும் மருந்தையும் வேறுபடுத்தாது. தைராய்டு மாத்திரையையும், வலிப்பு மாத்திரையையும், இதய மருந்தான டிகாக்சினையும், கருத்தடை மாத்திரையையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேர இடைவெளியாவது வேண்டும். டிகாக்சின் அல்லது வலிப்பு மருந்து எடுப்பவராக இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் கரியைத் தொடவே வேண்டாம். வயிற்றுப்போக்குக்கு இதை எடுக்காதீர்கள், அதற்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் இருக்கிறது.

வாங்கும்போது உரிமம் பெற்ற மருந்துக் கடையில் கேளுங்கள். அட்டையில் மருந்துத் தரத்தைக் குறிக்கும் ஐ.பி. (இந்தியா), பி.பி. (பிரிட்டன்), யு.எஸ்.பி. (அமெரிக்கா) என்ற எழுத்துகளில் ஒன்று, தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி ஆகியவை இருக்க வேண்டும். கொட்டாங்கச்சியில் செய்தது என்பது நல்ல செய்திதான். ஆனால் தங்க நகைப் பட்டறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் போகிற கரியும் கொட்டாங்கச்சியில்தான் வருகிறது. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் கரியும், பாரிமுனைப் பக்கம் ரசாயனக் கடையில் மூட்டையில் வரும் தூளும், முகப்பூச்சுக்கான மூங்கில் கரியும் சாப்பிடுவதற்கு அல்ல. சாம்பல், உலோகம், தயாரிப்பில் சேர்த்த அமிலம் ஆகியவை எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று அவற்றில் யாரும் மருந்துத் தரத்தில் பார்ப்பதில்லை. அரைக் கிலோ தூள் உங்களுக்கு எதற்கு?

சேமிப்பதில் சென்னைவாசிகள் கவனிக்க வேண்டியது ஈரம் மட்டுமல்ல, வாசனையும்தான். கரிக்குப் பக்கத்தில் என்ன ஆவி இருக்கிறதோ அதை இழுத்துக்கொள்ளும். ஒருமுறை என் வீட்டில் துணி பீரோவில், அந்துருண்டைக்குப் பக்கத்தில், மூடி சரியாகப் பொருந்தாத டப்பாவில் கரித்தூள் கிடந்தது. மாதங்கள் கழித்துத் திறந்தபோது தூளே அந்துருண்டை வாடை அடித்தது. துளைகளில் ஒரு பங்கு நிரம்பிவிட்டதென்று அர்த்தம், கொட்டிவிட்டேன். ஊதுபத்தி, கற்பூரம், பெயின்ட், கொசுவிரட்டி இருக்கும் அலமாரி வேண்டாம்.

மாத்திரையை அட்டையிலிருந்து பிரிக்காமல், இறுகிய மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு, அடுப்பிலிருந்து தள்ளி, பேரன் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. உள்ளிருந்து வெளியே எடுக்கும்போதெல்லாம் புட்டியில் நீர் கோத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரே வியர்க்கும் வீடாக இருந்தால், புட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம். கரி உணவைப்போல ஊசிப்போவதில்லை என்றாலும், மாத்திரையாகப் பிடிக்கச் சேர்க்கும் பொருள்கள் ஈரத்தில் இளகும். மாத்திரை உதிர்ந்தாலோ, ஒன்றோடொன்று ஒட்டினாலோ, வேறு வாடை வந்தாலோ தேதி மீதமிருந்தாலும் தூக்கிப் போடுங்கள். நனைந்த கரியை வாணலியில் வறுத்தால் பழையபடி ஆகிவிடும் என்று சொல்வார்கள். தொழிற்சாலைச் சூடும் நீராவியும் திறந்த துளைகளை வாணலி திறக்காது. மெல்லிய கரித்தூள் தீப்பிடிக்கவும் கூடும்.